கீழே ஊற்றிய தண்ணீர்

தனிஸ்லாஸ் சார் ஏழு வருஷமாகச் சாயங்காலம் தவறாமல் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர். ஒரு நாள்கூட என் பானையில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் எரிந்து விழுகிற இடங்களில், இவனுக்கு என்ன வந்தது என்று உங்களுக்குத் தோன்றும்.

எனக்குப் பழங்காநத்தத்தில் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவேன், ரிம் கோட்டம் எடுப்பேன், வாடகைக்கும் விடுவேன். கடை ஓரத்தில் மணலைக் குவித்து அதன்மேல் ஒரு பானை வைத்திருப்பேன். காய்கறிக் கூடைக்காரிகள், தபால்காரர், மில்லுக்குப் போகிறவர்கள் என்று தெருவில் பாதிப் பேருக்கு அந்தப் பானைதான். சார் மட்டும் தோளில் ஒரு பச்சை பிளாஸ்டிக் பாட்டிலோடு வருவார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மாட்டிக்கொண்டு போவார்களே, வார் வைத்தது, அதேதான். தாகம் எடுத்தால் மூடியைத் திருகி நாலு மடக்கு குடித்துவிட்டு மறுபடி திருகி வைத்துக்கொள்வார். சித்திரை வெயிலில் என் பானை சில்லென்று வேர்த்து நிற்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெயிலில் சூடேறிப்போன அந்தப் பாட்டில் தண்ணீரைக் குடிப்பார். எனக்கு வயிறு எரியும்.

"ஏன் சார், நம்ம பானைக்குள்ள என்ன பாம்பா கெடக்கு?" என்று ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

"அதெல்லாம் இல்லப்பா மலைச்சாமி. பழக்கமாயிருச்சு" என்றார். அவ்வளவுதான். அவரிடமிருந்து ஒரு பேச்சைப் பிடுங்குவதற்குள் நாலு டியூப் ஒட்டிவிடலாம்.

மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். என் கடையிலிருந்து மூணாவது வீடு. அவர் வீட்டுக்காரம்மா பிலோமினாள் டீச்சர் எழுபத்தாறாம் வருஷம் மஞ்சக்காமாலையில் போய்விட்டார்கள். ஒரே பெண் சகாயமேரிக்கு அப்போது பதினஞ்சு வயது. டீச்சர் இருந்தவரை அந்த வீட்டுப் பேச்சும் சிரிப்பும் என் கடைவரைக்கும் கேட்கும். அவர்கள் போனபிறகு அந்த வீட்டைத் தாண்டிப் போனால், ஆள் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாது.

டீச்சர் இறந்த நாற்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு சார் டவுனுக்குப் போய் ஒரு எவர்சில்வர் ஃபில்டர் வாங்கி வந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டப்பா. மேல் டப்பாவுக்குள் வெள்ளைப் பீங்கானில் மூணு குழல் நிற்கும். அதற்குக் கேண்டில் என்று பெயர். மேலே ஊற்றுகிற தண்ணீர் பீங்கான் வழியாகக் கசிந்து கீழ் டப்பாவில் சொட்டுச் சொட்டாக இறங்கும். கீழே ஒரு சின்னக் குழாய், பிடித்துக் குடித்துக்கொள்ளலாம். ஊரில் வசதியானவர்கள் வீட்டில் அதோடு விட்டுவிடுவார்கள். சாருக்கு அது போதாது. தெருக்குழாய்த் தண்ணீரை நாலாக மடித்த பழைய வேட்டியில் வடிகட்டுவார். பம்பு ஸ்டவ்வில் தளதளவென்று கொதிக்கவைப்பார். ஆறவைப்பார். அதற்குப் பிறகுதான் ஃபில்டரில் ஊற்றுவது. விடியற்காலம் ஆரம்பித்தால் மத்தியானம் ஒரு டம்ளர் குடிக்கக் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்ததும் கேண்டிலைக் கழற்றிக் கழுவுகிற வேலை. சோப்புப் போடமாட்டார். பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால், பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தடவித் தடவிக் கழுவுவார்.

"அப்பா எனக்குச் சோறு வைக்க மறந்தாலும் மறப்பாரு, ஃபில்டருக்குத் தண்ணி ஊத்த மறக்கமாட்டாருண்ணே" என்று சகாயமேரி சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அவளும் டீச்சர் போனபிறகு பழைய மாதிரி சிரித்ததில்லை. திருவிழா என்றால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவாள்.

படித்து முடித்து அவளுக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் டீச்சர் வேலை கிடைத்தது. அங்கே பால் சொசைட்டியில் வேலை பார்த்த வெள்ளைத்துரையைப் பிடித்துப்போய்விட்டது. விவசாயக் குடும்பம், வேறு சாமி. சார் ஒரு வார்த்தை குறுக்கே சொல்லவில்லை. மாதா கோயிலில் ஒரு தடவை மோதிரம், அந்த ஊரில் ஒரு தடவை தாலி என்று எண்பத்துமூணு தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா ரெங்கம்மாள் புருஷன் இல்லாதவர். பதினஞ்சு வருஷமாக ஒத்தை ஆளாக நின்று நிலத்தைப் பார்த்து மகனை வளர்த்தவர். வாய் கொஞ்சம் நீளம். மனசு தங்கம் என்று கல்யாணத்தன்றே எனக்குத் தெரிந்துபோனது.

சகாயமேரி போனபிறகும் சார் ஃபில்டரை முழுசாகவே நிரப்பிக்கொண்டிருந்தார். ஆறு பேர் குடிக்கிற தண்ணீர், இருப்பது ஒத்தை ஆள். "எதுக்கு சார் அம்புட்டுத் தண்ணி?" என்றால், "பாதி ஊத்துனா சொட்டுற சத்தம் சீக்கிரம் நின்னுபோகுதுப்பா" என்பார்.  நான் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று கடுதாசி வந்ததிலிருந்து மனுஷன் ஆளே மாறிவிட்டார். முதல் பிரசவம் தாய் வீட்டில்தானே. பின்கட்டு அறைக்கு வெள்ளை அடித்தார். கட்டிலுக்குப் புது நாடா பின்னச் சொன்னார். "மேரி வந்தா", "மேரி வந்தபெறகு" என்று தொடங்காமல் ஒரு பேச்சும் கிடையாது. தாய் இல்லாத வீடு, பார்த்துக்கொள்ள யார் என்று கேட்டவர்களிடம், தெருக்கோடி முத்துத்தாயிடம் பேசிவைத்திருப்பதாகச் சொன்னார். யாரிடமும் போய் எதையும் கேட்காத மனுஷன் முத்துத்தாய் வீட்டு வாசலில் போய் நின்றார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் யார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறார்கள்? நான் சும்மா உட்கார்ந்து பழைய செயின்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். சார் குடையைக்கூட விரிக்காமல் நனைந்துகொண்டு வந்தார். கையில் ஒரு இன்லண்டு லெட்டர்.

"படிப்பா" என்று நீட்டினார்.

சகாயமேரி எழுதியிருந்தாள். ஏழாம் மாதம் நடக்கிறது, பிரசவத்துக்கு மதுரைக்கு அனுப்புங்கள் என்று அத்தையிடம் கேட்டேன், முடியாது என்கிறார்கள். காரணம் கேட்டால் உங்கப்பாவைக் கேள் என்கிறார்கள். மாசியில் நம் வீட்டுக்கு வந்துபோனதிலிருந்தே நம் வீட்டுப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? இங்கே மழை பிடித்தால் மெயின் ரோட்டுக்குப் போக மாட்டுவண்டிகூட வராது. எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவுதான் கடுதாசி.

"மாசியில அந்தம்மா வந்தன்னிக்கு என்ன சார் நடந்துச்சு?" என்றேன்.

"ஒண்ணும் நடக்கலியேப்பா."

"நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க."

"மேரியும் மாப்ளயும் கடைத்தெருவுக்குப் போயிருந்தாங்க. நான் பின்னாடி குளிச்சுக்கிட்டு இருந்தேன். அந்தம்மா அடுப்படியில சும்மா இருக்கமாட்டாம ஃபில்டரைத் தொறந்து பாத்திருக்காங்க. கேண்டில் மேல பழுப்பா படிஞ்சு கெடந்திருக்கு. பொம்பள இல்லாத வீடு, தேய்க்க ஆளில்லன்னு நெனச்சிருப்பாங்கபோல. செங்கப்பொடியும் தேங்காநாரும் வச்சு, பித்தளைக் கொடத்தைத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சுப்புட்டாங்க. ஒரு கேண்டில் அடியில கீறிப்போச்சு. அது அவங்களுக்குத் தெரியல. அப்பிடியே மாட்டி, கொடத்துல இருந்த பச்சத்தண்ணிய ஊத்தி, நான் வரும்போது ஒரு டம்ளர் புடிச்சுக் குடிக்கப்போறாங்க."

"நீங்க?"

"வாங்கிக் கீழ ஊத்துனேன்."

"எதை?"

"டம்ளர்ல இருந்ததை. அப்பறம் ஃபில்டர்ல இருந்ததையும். பூராவும் சாக்கடையில கவுத்திட்டு, கொதிக்கிற தண்ணி விட்டு மூணு தடவை கழுவுனேன்."

"அந்தம்மா எங்க இருந்துச்சு?"

"பக்கத்துலதான் நின்னாங்க."

"ஏதாச்சும் சொன்னீங்களா?"

"என்னத்தச் சொல்றது?"

கையிலிருந்த செயினைத் தகரத்துக்குள்ளேயே போட்டுவிட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏழு வருஷக் கோபமும் சேர்ந்து வந்தது.

"ஏன் சார், படிச்ச மனுஷன்தான நீங்க? சம்மந்தி வீட்டுக்கு மொத மொதல்ல வந்த பொம்பள. ஒங்க பாத்திரத்தை ஒக்காந்து தேய்ச்சு வச்சிட்டு ஒரு வாய்த் தண்ணி குடிக்கப்போகுது. அதைக் கையிலருந்து புடுங்கிச் சாக்கடையில ஊத்தி, அது தொட்ட பாத்திரத்தை அது கண்ணு முன்னாடியே மூணு தடவ கழுவுனா, அது என்னன்னு நெனைக்கும்? நம்ம கை பட்டுச்சுன்னு கழுவுறான்னு நெனைக்காதா?"

சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுடியிலிருந்து மழைத் தண்ணீர் முகத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நான் அப்பிடி நெனைக்கவே இல்லியேப்பா" என்றார். "அந்தத் தண்ணியக் குடிச்சு அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிறக்கூடாதுன்னுதான்."

"அதை வாயத் தொறந்து சொன்னாத்தான சார் தெரியும்."

மறுநாள் போவது என்று முடிவானது. தனியாகப் போனால் அங்கேயும் போய் வாயை மூடிக்கொண்டுதான் நிற்பார் என்பதால் நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். பச்சைப் பாட்டில் தோளில் தயாராகத் தொங்கியது. "அதை வீட்டுல வச்சிட்டு வாங்க" என்றேன். கேட்கவில்லை. கொட்டாம்பட்டி பஸ் மேலூர் தாண்டியபோது தாகம் என்று சொல்லி அந்தப் பாட்டிலை வாங்கினேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். எனக்குத் தாகமே இல்லை. அந்தத் தண்ணீருக்கு ஒரு ருசியும் இல்லை. காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் அதை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

மெயின் ரோட்டிலிருந்து உள்ளே மூணு மைல் நடை. மழை விட்டிருந்தது. செம்மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு அடிக்கு அடி காலைப் பிடித்து இழுத்தது. இரண்டு பக்கமும் கடலைக் காடு. பாதிக் காட்டில் செடி பிடுங்கியிருந்தார்கள், மீதி நனைந்து கிடந்தது. மழைக்கு நடுவில் வானம் வெறித்த நாளில் கடலையைப் பிடுங்கி ஆய்ந்துவிட வேண்டும், விட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அதனால் ஊரே காட்டிலும் களத்திலும்தான் இருந்தது. சார் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தார். அறுபது வயது ஆளுக்கு அந்தச் சேற்றில் மூணு மைல் அதிகம்தான். உதடு காய்ந்து வெளுத்துப்போயிருந்தது. பாட்டிலைக் காலி பண்ணியது எனக்கே கொஞ்சம் உறுத்தியது.

ரெங்கம்மாள் வீட்டு வாசலில் வேம்பு நிழலில் கடலைச்செடி குவிந்து கிடந்தது. ரெங்கம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் சுற்றி உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சகாயமேரி கொஞ்சம் தள்ளி, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது, முகம் வாடியிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"நீ உக்காரு தாயி" என்றார் ரெங்கம்மாள். பிறகு எங்கள் பக்கம் பார்க்காமல், "வாங்க" என்றார்.

உட்கார ஒரு சாக்கை இழுத்துப் போட்டார். மறுபடி கடலைக்குத் திரும்பிவிட்டார். ஒரு செம்புத் தண்ணீர் வரவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. வெட்டுக்குத்து நடந்த பகையாளி வாசலில் வந்து நின்றாலும் முதலில் தண்ணீர்ச் செம்பு, அப்புறம்தான் பேச்சு. சேற்றில் மூணு மைல் நடந்து வந்த சம்பந்திக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை என்றால், நீ எனக்கு மனுஷனே இல்லை என்று அர்த்தம். கூட ஆய்ந்துகொண்டிருந்த இரண்டு பெண்களுக்கும் அது தெரியும். செடியை உதறிப் போட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று ஒருத்தி எழுந்து போனாள். மற்றவளும் அவள் பின்னாலேயே போய்விட்டாள்.

சார் சாக்கில் உட்கார்ந்தார். பாட்டிலைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். பிறகு கையை நீட்டி ஒரு கடலைச்செடியை எடுத்து ஆய ஆரம்பித்தார். நான் எதிர்பார்க்கவில்லை. பேனா பிடித்த கை. ஒவ்வொரு கடலையாகப் பிய்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். 

"காம்போட போடாதீங்க" என்றார் ரெங்கம்மாள்.

சார் காம்பைக் கிள்ளிவிட்டுப் போட்டார். இரண்டு செடி முடிந்தது. மூணாவது செடியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"சம்மந்தியம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

ரெங்கம்மாள் கை நின்றது.

"எங்க தண்ணி ஒங்களுக்கு ஆகுமா? நாங்க காட்டுல மேட்டுல கெடக்குறவுக. நான் மோந்த தண்ணியச் சாக்கடையில ஊத்துன ஆளாச்சே நீங்க. தொட்டதுக்கு மூணு கழுவு கழுவுனீக. எம் புருசன் செத்தன்னிக்குக்கூட நான் அப்பிடிக் கூசி நிக்கல."

"என்ன அத்தை சொல்றீங்க?" என்றாள் சகாயமேரி.

"ஒங்கப்பாவக் கேளு."

நான் வாயைத் திறந்தேன். கேண்டில் உடைந்த கதையை நானே சொல்லிவிடலாம் என்று. சார் என் முழங்காலில் கையை வைத்து நிறுத்தினார்.

"ஒடைஞ்சுபோச்சும்மா. நீங்க தேய்ச்சதுல உள்ள ஒரு சாமான் கீறிப்போச்சு. அது கீறிட்டா தண்ணி சுத்தமாகாது. பச்சத்தண்ணிய நீங்க குடிச்சிடக்கூடாதுன்னுதான் வாங்கி ஊத்துனேன். ஒங்க கையி பட்டுச்சுன்னு இல்ல. மாதா சத்தியமா இல்ல."

"ஒடைஞ்சதுன்னா ஒடைஞ்சதுன்னு சொல்லவேண்டியதுதான. நாலு வசவுகூட வஞ்சிருக்கலாம், வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். வாயில என்ன வச்சிருந்தீக? பச்சத்தண்ணி குடிச்சா செத்தா போவாக? நாங்கள்லாம் கெணத்துத் தண்ணி குடிச்சுத்தான் வளந்தோம்."

"செத்துப் போவாங்கம்மா" என்றார் சார். "எம் பொஞ்சாதி செத்துப்போனா."

கடலைச்செடியைக் கீழே வைத்தார். யாரையும் பார்க்காமல், மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"எழுபத்தாறுல எங்க தெருவுல நாலு வீட்டுல காமாலை. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்கன்னு தண்டோரா போட்டாங்க. பிலோமினாள் தெனமும் கொதிக்க வச்சா. ஒரு நாள் சாயங்காலம் சீமெண்ணெய் தீந்துபோச்சு. மலைச்சாமி கடையில எப்பவும் தகரத்துல இருக்கும், ஒரு பாட்டில் கேட்டு வாங்கிட்டு வாங்கன்னா. எனக்குக் கூச்சம். ஒருத்தர்கிட்டப் போய் எண்ணெ குடுன்னு எப்பிடிக் கேக்குறதுன்னு. ஊரே இதைத்தான குடிக்குது, ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிறாதுன்னு கொடத்துல இருந்து நானே மோந்து குடுத்தேன். வேணாங்கன்னு சொன்னா. கொஞ்சம் சத்தம் போட்டேன். குடிச்சா. நானும்தான் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அவளுக்கு அடுத்த மாசம் கண்ணு மஞ்சளாச்சு."

 என் கடைத் தகரத்தில் எண்ணெய் இருந்தது. அன்றைக்கும் இருந்தது. ஒரு பாட்டில் என்ன, தகரத்தோடு கொடுத்திருப்பேன். அந்த மனுஷன் ஏழு வருஷமாக அந்தத் தகரத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் பானையில் தண்ணீர் குடிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா" என்றாள் சகாயமேரி. சுவரைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டாள். "அம்மாவுக்குச் சர்பத்துலதான வந்துச்சு? திருப்பரங்குன்றம் தேருக்குப் போனப்ப குடிச்ச ஐஸ் சர்பத்துலதான வந்துச்சுன்னு சொன்னாங்க?"

எனக்கும் அதுதான் தெரியும். தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம்.

"அது தெருவுல சொன்னதும்மா. எதுல வந்துச்சுன்னு டாக்டருக்கும் தெரியாது. ஆனா எனக்கு எங் கையாலதான்னு..."

"நீங்க ஏம்ப்பா இல்லன்னு சொல்லல?"

சார் கீழே கிடந்த கடலைச்செடியை எடுத்து மண்ணை உதறினார்.

"அம்மா வேணாம் வேணாம்னாங்க. நான்தான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி அந்தச் சர்பத்தை வாங்கிக் குடுத்தேன். எங் கையாலதான்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஏழு வருஷமா பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட அதைத்தான் சொல்லி அழுறேன். ஒரே வீட்டுல இருந்தோமேப்பா. ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல."

"நீ அப்பிடி நெனச்சேன்னு எனக்குத் தெரியாதும்மா."

"கேட்டீங்களா? ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, கீழே விழவில்லை. எனக்குத்தான் விழுந்தது.

ரெங்கம்மாள் எழுந்து உள்ளே போனார். பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டு வந்தார். சாரிடம் நீட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினார்.

"கெணத்துத் தண்ணிதான். கொதிக்க வைக்கல. இருங்க, அடுப்பு மூட்டி..."

சார் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அண்ணாந்து, ஒரே மூச்சில் அவ்வளவையும் குடித்தார். சட்டை முன்பக்கமெல்லாம் நனைந்தது. செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"எம்மேலயும் தப்புத்தாண்ணே" என்றார் ரெங்கம்மாள். அண்ணே என்று அவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். "அன்னைக்கே மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கணும். மனசுல வச்சு மருகிட்டேன். வெள்ளிக்கெழம நல்ல நாளு. வெள்ளைத்துரைய வண்டி புடிச்சாரச் சொல்றேன். மருமகளக் கூட்டிட்டுப் போங்க."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வந்த காரியம் முடிந்தது.

"நான் போகல அத்தை" என்றாள் சகாயமேரி. "இங்கயே இருக்கேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ரெங்கம்மாள் பின்னாலேயே போய் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். மழை வந்தா வண்டி வராது தாயி, ஆஸ்பத்திரி கிட்டக்க இருக்கணும்ல என்று கெஞ்சுகிற குரல் வாசல்வரைக்கும் கேட்டது. பதில் குரல் கேட்கவே இல்லை. பால் சொசைட்டியிலிருந்து வெள்ளைத்துரை வந்து, "மாமா, கொஞ்ச நாள் போகட்டும்" என்றான். எங்களுக்குச் சோறு போட்டார்கள். கருவாட்டுக் குழம்பு. நான் சாப்பிட்டேன். சார் இலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் தோளைத் தடவித் தடவிப் பார்த்தார். பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். "எறங்கிப் போய் எடுத்தாரவா?" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மேலூர் வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் படுதாவை நான் இறக்கிவிட்டேன்.

கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் சார் கடைக்கு வந்தார், உட்கார்ந்தார், போனார். பின்கட்டு அறைக் கட்டிலில் புது நாடா அப்படியே கிடந்தது. காலையில் கண்ணாடியில் கண்ணைப் பார்த்துக்கொள்வதாக ஒரு தடவை சொன்னார். அந்தச் செம்புத் தண்ணீரால் கண் மஞ்சளாகிறதா என்று. ஒன்றும் ஆகவில்லை. சொல்லும்போது அவருக்கு அதில் சந்தோஷமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஃபில்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் நிற்கவில்லை. அவர் எழுதிய கடுதாசி எதற்கும் சகாயமேரி பதில் போடவில்லை. வெள்ளைத்துரைதான் நல்லா இருக்கா மாமா என்று இரண்டு வரி எழுதுவான்.

தை பிறந்து ஒரு வாரத்தில் ஒரு கார்டு வந்தது. அவள் கையெழுத்து. ஆண் குழந்தை. மேலூர் ஆஸ்பத்திரியில் பிறந்தது. இருவரும் சுகம். கடைசியில் இன்னும் ஒரு வரி: ஃபில்டரைக் கொண்டுவந்து கொடுங்கள், பிள்ளைக்கு நல்ல தண்ணீர் வேண்டும்.

சார் அந்தக் கார்டைத் தெருவில் ஒவ்வொரு வீடாகக் காட்டினார். சாக்லேட் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு முழுக்கக் கேண்டிலைக் கழுவினார்; மாசியில் கீறியதற்குப் பதில் அப்போதே புதுசு மாட்டியிருந்தார். ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி டப்பாவுக்குள் வைத்தார். ஒரு பையில் இரண்டு வேட்டி, சட்டை, ஜெபமாலை, மாத்திரை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டதையும் பார்த்தேன். பேரனோடு ஒரு வாரமாவது இருந்துவிட்டு வருவார் என்று நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் நானே சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டேன். ஃபில்டரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்டக்டர் மேலே வைக்கச் சொன்னதற்குக் கொடுக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நான் ஒரு டியூபைத் தொட்டியில் அமுக்கி ஓட்டை எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சு கிரீச்சென்றது. நிமிர்ந்தால் சார். பக்கத்தில் அந்தப் பை, கொண்டுபோனபடியே புடைத்துக்கொண்டிருந்தது.

"பேரன் எப்பிடி சார்?"

"நெத்தி அப்பிடியே பிலோமினாள்ப்பா."

"மேரி?"

"நல்லா இருக்கா. ரெங்கம்மாவுக்குக் கேண்டில் கழுவுறது எப்பிடின்னு சொல்லிக்குடுத்தேன். பிரஷ்ஷையும் குடுத்திட்டேன். அவங்க இருங்கண்ணே, ராவுக்கு இருந்திட்டுப் போகலாம்னாங்க."

"இருந்திருக்க வேண்டியதுதான சார்? ரெண்டு நாள் இருந்தா என்ன?"

அவர் தெருவைப் பார்த்தார். பால்காரன் ஒருத்தன் மணியடித்துக்கொண்டு போனான்.

"மேரி ஒண்ணும் சொல்லலப்பா" என்றார். "ஃபில்டரத்தான கொண்டாரச் சொல்லி எழுதியிருந்தா."

நான் டியூபைத் தொட்டிக்குள் அமுக்கியபடியே இருந்தேன். ஓட்டையிலிருந்து குமிழ் வந்துகொண்டே இருந்தது. 

"மலைச்சாமி."

"சொல்லுங்க சார்."

"கொஞ்சம் தண்ணி குடுப்பா."

ஏழு வருஷமாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தவன் நான்.  கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். பானை மூடியை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தெருக்குழாயில் காலையில் பிடித்த பச்சைத்தண்ணீர்.

"கொதிக்க வச்சுத் தரவா சார்? எண்ணெ இருக்கு."

"வேணாம்ப்பா. இருக்கறதக் குடு."

டம்ளரை இரண்டு தடவை அலசி, மோந்து கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் குடித்து முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.